பியூலாவின் முறை

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு கிறிஸ்தவ வீட்டு நிலைப்படிக்கு மஞ்சள் பூசும் அதிசயத்தை நீங்கள் பார்த்ததில்லை என்றால், மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் குப்புராஜ் காம்பவுண்டுக்கு ஒரு நடை வந்து பார்க்க வேண்டும்.

பூசுகிறவள் தையல்நாயகி, வீட்டுச் சொந்தக்காரர் குப்புராஜின் மனைவி. குடியிருப்பவள் பியூலா. பியூலாவின் நாற்காலிச் சக்கரம் தாண்டுவதற்காக நிலைப்படியை வெட்டிவிடலாம் என்று பேச்சு வந்தபோது தையல்நாயகி மாட்டவே மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் சரிவாக ஒரு பலகை செய்து படியின் மேல் கவிழ்த்தார்கள். அன்று செய்துகொண்ட உடன்படிக்கை இன்றுவரை மீறப்படவில்லை. வெள்ளிதோறும் தையல்நாயகி பலகையைத் தூக்குவாள், மஞ்சள் பூசுவாள், குங்குமம் வைப்பாள், பலகையைப் பழையபடி போட்டுவிட்டுப் போவாள்.

"நெல எங்களுது, பலக உன்னுது. ரெண்டு பேரு சாமியும் சண்ட போட்டுக்காம இருந்தா சரி" என்றாள் தையல்நாயகி, கையைக் கழுவிக்கொண்டே.

"எங்க சாமி சண்டைக்கு வராது அக்கா. எங்க சபை ஜனங்கதான் ஒரு மாதிரி பார்ப்பாங்க. சாயங்காலம் எல்லாரும் வராங்க."

"வரட்டுமே. மஞ்சள மிதிச்சா காலு தேஞ்சா பூடும்?"

பியூலா சிரித்தாள். சிரித்தாளே தவிர, சாயங்காலத்துக்கு எத்தனை தம்ளர் வேண்டும் என்று மனசு எண்ணிக்கொண்டிருந்தது.

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பியூலாவுக்கு முப்பத்தோரு வயது. குழந்தையாக இருந்தபோது வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. மற்றதை எல்லாம் விட்டு வைத்துவிட்டுத்தான் போயிற்று. குறிப்பாக வாயை. மார்க்கெட் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆசிரியை வேலை. வீட்டுக்குள் சக்கர நாற்காலி. தெருவில் இறங்கினால், கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டி. போன மாதம் வரையில் கிழக்குத் தாம்பரத்தில் அண்ணன் எலியேசர் வீட்டில் இருந்தாள். ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியாரான எலியேசர், தங்கையைச் சின்ன வயதிலிருந்து தோளில் சுமந்து வளர்த்தவர். அந்த வீட்டுக்கு ஏறிப் போகப் படிகள் உண்டு. படி இறங்க அண்ணன் வேண்டும், படி ஏற அண்ணன் வேண்டும், அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தால் பியூலாவுக்கும் லீவு.

அதனால்தான் இங்கே தனியாக ஒரு போர்ஷன் பிடித்தாள். தனியாக என்றால் ஒண்டியாக என்று அர்த்தம் இல்லை. செல்லியம்மாள் காலையிலும் மாலையிலும் வருவாள், கிணற்றில் தண்ணீர் சேந்துவாள், பியூலா குளிக்கக் கை கொடுப்பாள், அதற்குப் பியூலாவிடம் சம்பளம் வாங்கிக்கொள்வாள். சமையல் மேடையை நாற்காலி உயரத்துக்குத் தணித்துக் கட்டியாகிவிட்டது. குளியலறையிலிருந்து ஒரு கயிறு சுவரில் துளை வழியாகத் தையல்நாயகியின் அடுப்படிக்குப் போகிறது. அந்த முனையில் ஒரு மாட்டு மணி. விழுந்தால், வழுக்கினால், இழுக்கலாம். இதுவரை அது ஒரே ஒரு தடவை அடித்தது. அதுவும் தையல்நாயகி வைத்த கருவாட்டுக் குழம்பின் வாசனை தாங்காமல் பியூலா அடித்தது.

இவ்வளவு ஏற்பாடும் எலியேசருக்குப் போதவில்லை.

காலையில் சைக்கிள் மணி கேட்டது. வழக்கமாக நேரே உள்ளே வந்து, அடுப்பில் மண்ணெண்ணெய் இருக்கிறதா, குளியலறைத் தரை பாசி பிடித்திருக்கிறதா, தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறவர், இன்று கேட்டுக்கு வெளியிலேயே ஒரு காலை ஊன்றி நின்றார்.

"உள்ள வாங்கண்ணா."

"வரமாட்டேன். வந்தா கை சும்மா இருக்காது" என்றார் எலியேசர். "முப்பது பேராவது வருவாங்க, பியூலா."

"வரட்டும்."

"அவ்வளவு டீ வைக்கிற பாத்திரத்தை உன்னால தூக்க முடியாது."

"தூக்க வேண்டாமே. செல்லியம்மா இறக்கி வைப்பாங்க. நான் மொண்டு ஊத்துவேன்."

"அவ வரலைன்னா?"

"தையல்நாயகி அக்கா இருக்காங்க."

"அவங்க கைதான் உனக்குக் கையா? இதுக்குப் பேரு உன் வீடா?"

பியூலா நாற்காலியை வாசல் வரை உருட்டி வந்தாள். "நீங்க ஒரு நாள் லீவு போட்டா எட்டாம் கிளாஸுக்குக் கணக்கு யார் எடுக்கறாங்க?"

"வேற வாத்தியார்."

"அப்ப உங்க வேலை உங்க வேலை இல்லையா?"

கணக்கு வாத்தியார் சைக்கிள் மணியை ஒரு தடவை வெறுமனே அடித்துப் பார்த்தார்.

இருவருக்கும் போன ஞாயிற்றுக்கிழமை நடந்த பேச்சின் மிச்சம் மீதிதான் இது. அவர்கள் சபையில் வெள்ளிதோறும் வீட்டு ஜெபம் நடக்கும். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து வரும். முறை வந்த வீட்டுக்காரர் எல்லாரையும் வாசலில் நின்று வரவேற்பார், டீ கொடுப்பார், முடிவில் எழுந்து நின்று நன்றி சொல்வார். வீடு என்று ஒன்று இருப்பவர்களுக்குத்தான் முறை. இத்தனை வருஷமாக 'எலியேசர் வாத்தியார் வீடு' என்கிற முறையில் ஒரு மூலையில் உட்கார்ந்து கீழ்க்குரலில் ஆல்ட்டோ பாடிக்கொண்டிருந்த பியூலா, போதகர் அசரியா ஐயரிடம் போய், "எனக்கும் ஒரு வெள்ளிக்கிழமை குடுங்க ஐயர்" என்று கேட்டுவிட்டாள். ஐயரும் கொடுத்துவிட்டார். ஞாயிறு ஆராதனையில், மேற்குத் தாம்பரம் குப்புராஜ் காம்பவுண்டு, பியூலா வீடு என்று எல்லார் காதிலும் விழும்படி அறிவித்தும் விட்டார்.

எலியேசர் அன்று சாப்பிடவில்லை. ராத்திரி வந்து ஒரு நிபந்தனை போட்டார். அவரோ அவர் மனைவியோ விரல் அசைக்காமல் அந்த ஜெபம் அந்த வீட்டில் நல்லபடியாக நடந்துவிட்டால், திரும்பி வா என்று இனி ஒரு நாளும் கேட்கமாட்டார். நடக்காவிட்டால் பியூலா மூட்டை கட்ட வேண்டும்.

பியூலா சரி என்றாள். கோபத்தில் சொல்லிவிட்டாளே ஒழிய, சொன்ன பிறகுதான் யோசித்தாள். அண்ணன் கெட்டவர் என்றால் எவ்வளவு சௌகரியம்! சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். அம்மா கண்ணை மூடும்போது, தங்கச்சியைக் கீழே விட்டுடாதே என்று கேட்டுக்கொண்டதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றிக்கொண்டிருக்கிற மனிதரை எப்படி எதிர்ப்பது? அவர் மேல் அவளுக்கு உயிர். ஆனால் அவர் தோளை விட்டு இறங்காமல் அவளுக்கு வாழ்க்கை இல்லை.

"சொன்ன சொல் சொன்னதுதான். ஏதாவது கோணலாச்சுன்னா நாளைக்குக் காலைல மாட்டு வண்டியோட வந்து நிப்பேன்" என்றார் எலியேசர்.

"வாங்க. சுண்டல் மிச்சம் இருந்தா தரேன்."

சைக்கிள் போய்விட்டது. திருப்பத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்ததைப் பியூலா பார்த்தாள்.

இன்ஸ்டிடியூட்டில் அரை நாள் சொல்லிவிட்டு வந்தவள், மத்தியானம் முழுக்கச் சமையல் மேடையை விட்டு நகரவில்லை. ஊறிய பட்டாணியை வேக வைத்தாள், தேங்காய் துருவினாள், மாங்காயைப் பொடிப்பொடியாக நறுக்கினாள். செல்லியம்மாள் சாயங்காலம் வந்து கூடத்தில் ஜமக்காளம் விரித்தாள். சுவரோரம் மடக்கு நாற்காலி போட்டாள். நடுவில் பியூலாவின் நாற்காலி சுற்றி வர வழி விட்டுத்தான் எல்லாம்.

"இன்னொரு ஜமக்காளம் போடட்டா டீச்சரு?"

"வேணாம் செல்லியம்மா. அது மேல சக்கரம் ஏறினா சுருட்டிக்கும். மிச்சப் பேர் வாசல்ல உக்காரட்டும்."

தம்ளர்களைக் கழுவித் துடைத்துத் தட்டில் கவிழ்த்தாகிவிட்டது. டீக்குத் தண்ணீர் கொதித்தது. பியூலா புது வாயல் புடவை கட்டி, வாசலில், பலகைக்கு இந்தப் பக்கம், நாற்காலியை நிறுத்திக்கொண்டாள். வீட்டுக்காரர் வாசலில்தான் நிற்க வேண்டும். நிற்க முடியாதவர் உட்கார்ந்து நிற்கலாம் என்று தனக்குத் தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.

ஜெபம் தொடங்க வேண்டிய ஆறரை மணி ஆயிற்று. ஒருவரும் வரவில்லை.

தாம்பரத்தார் தாமதமாக வருவது புதிதல்ல. ரயில்வே கேட் மூடியிருக்கும் என்று ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும். பியூலா காத்திருந்தாள். கொதித்த தண்ணீரைச் செல்லியம்மாள் ஒரு தடவை இறக்கி, ஒரு தடவை ஏற்றினாள்.

"இன்னா டீச்சரு, ஒரு காக்கா குருவியக் காணோம்? நாள மாத்திட்டாங்களா?"

"ஞாயித்துக்கிழமை ஐயர் வாயால சொன்னது."

தெருவில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். ஒவ்வொரு வெள்ளைச் சேலைக்கும் பியூலாவின் கழுத்து நீண்டது. அது வேறு யாராகவோ இருந்தது. தெரு விளக்கு எரிய ஆரம்பித்ததும் அவள் மனசுக்குள் மாட்டு வண்டியின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

அப்போதுதான் தையல்நாயகி வந்தாள். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றுவிட்ட சொந்தத்தில் வளைகாப்பு. கை நிறையக் கண்ணாடி வளையலும் தலை நிறையக் கதம்பமுமாகத் திரும்பினவள், வாசலில் பியூலாவைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"இன்னாம்மா, நீ இங்க குந்திகினு கீறே? உங்க ஆளுங்கள்லாம் அந்தாண்ட உங்க அண்ணன் வூட்ல கீறாங்க. வாசல்ல கல்யாண வூடாட்டம் செருப்பு கெடக்குது. பாட்டு வேற ஆரம்பிச்சுட்டாங்க."

பியூலா திரும்பி, அடுப்பில் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தாள்.

நடந்தது இதுதான். சபையார் ஒவ்வொருவரும் தனித்தனியாக, யாரையும் கேட்காமல், ஒரே மாதிரி யோசித்திருந்தார்கள். பாவம், அந்தப் பெண்ணால் எப்படி முடியும்? ஐயர் அவள் மனசு நோகக் கூடாது என்று அறிவித்திருப்பார். ஜெபம் எலியேசர் வீட்டில்தான் இருக்கும். நாம் நேரே அங்கே போய்விட்டால் அவளுக்கும் சிரமம் இல்லை. இப்படி நினைத்து முப்பது பேரும் கிழக்குப் பக்கமே நடந்துவிட்டார்கள். எலியேசரையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்று வழியில் எட்டிப் பார்த்த அசரியா ஐயர், கூடம் நிறைய ஜனம் உட்கார்ந்திருப்பதைக் கண்டு, ஏற்பாடு மாறிவிட்டது போலிருக்கிறது என்று அவரும் உட்கார்ந்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. எல்லாம் கருணை. கெட்ட எண்ணமாக இருந்திருந்தால் பியூலா அழுதிருப்பாள். கருணை என்று தெரிந்ததும் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"செல்லியம்மா, என்னை வண்டிக்கு மாத்துங்க."

"எங்க போறே டீச்சரு?"

"என் விருந்தாளிங்க வழி தெரியாம போயிட்டாங்க. கூட்டிட்டு வரேன்."

"நானும் வரேன், தள்ளிகினு."

"நீங்க வந்தா அடுப்பை யார் பாக்கறது? தீயைக் குறைச்சு வைங்க. பாலை நான் வந்து ஊத்தறேன்."

வண்டியின் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தாள். சங்கிலி கரகரவென்று ஓடியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரி அவளுக்காக நின்றது, இன்னொன்று நிற்கவில்லை. அதைத் திட்டிவிட்டுத் தாண்டினாள்.

ரயில்வே கேட் திறந்திருந்தது. தாம்பரத்தில் குடியிருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று தெரியும். போன வருஷ ரயில் ஸ்டிரைக்குக்குப் பிறகு அந்தக் கேட் இவ்வளவு நல்ல புத்தியோடு நடந்துகொண்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் தண்டவாளத்தை ஒட்டிய பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி மாட்டிக்கொண்டது. கையால் எவ்வளவு சுற்றியும் ஏறவில்லை.

பியூலா பதறவில்லை. பக்கத்தில் பால் கேனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவரைக் கூப்பிட்டாள். "அண்ணே, பின்னால ஒரு தள்ளு தள்ளுங்க. ஒண்ணு போதும்."

அவர் தள்ளினார். சக்கரம் ஏறியது. அவர் நிறுத்தாமல், அதே வேகத்தில் தள்ளிக்கொண்டே வந்தார். "எங்கம்மா போகணும்? வூட்லயே கொண்டாந்து வுட்டுட்றேன்."

பியூலா பிரேக்கைப் பிடித்தாள். பால்காரர் வண்டியின் முதுகில் மோதிக்கொண்டார்.

"ரொம்ப நன்றிண்ணே. அவ்வளவுதான் வேணும்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றுவிட்டார். அவருடைய சைக்கிளும் பால் கேனும் கேட்டுக்கு மேற்கே அநாதையாக நின்றுகொண்டிருந்தன.

எலியேசர் வீட்டு வாசலில் தையல்நாயகி சொன்னது போலவே செருப்பு குவிந்து கிடந்தது. கூடத்தில் விளக்கு, ஜன்னலில் தலைகள். பாட்டு இரண்டாம் சரணத்தில் இருந்தது. எல்லாரும் ஒரே குரலில், கொஞ்சம் இழுத்து, சபை வழக்கப்படி பாடிக்கொண்டிருந்தார்கள். படிகளுக்குக் கீழே, தெருவில், பியூலா வண்டியை நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. உள்ளங்கை எரிந்தது.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். கூப்பிடவில்லை. பாடினாள்.

அவள் குரல் அந்தச் சபைக்குத் தெரியாத குரல் இல்லை. எத்தனையோ வருஷமாக மூலையிலிருந்து வந்த ஆல்ட்டோ, இன்று தெருவிலிருந்து வந்தது. ஜன்னலோரம் இருந்த அமலராணி டீச்சர் முதலில் திரும்பினாள். வாய் அப்படியே நின்றது. அப்புறம் பக்கத்தில் இருந்தவர், அவருக்கு அடுத்தவர். ஒவ்வொரு குரலாக அடங்கிக்கொண்டே வந்தது. கடைசிச் சரணம் வந்தபோது உள்ளே ஒருவரும் பாடவில்லை. பியூலா மட்டும் பாடினாள். நிறுத்தாமல், அவசரப்படாமல், கடைசி அடி வரைக்கும் பாடி முடித்தாள்.

ஐயர் வாசலுக்கு வந்துவிட்டார். "பியூலா, நான் எலியேசரை அழைச்சுக்கிட்டு வரலாம்னுதான்... இங்கே எல்லாரும் இருந்ததைப் பாத்து..." பிரசங்கத்தில் தடுமாறாதவர் படியில் தடுமாறினார்.

"உனக்கு எதுக்கும்மா சிரமம்னுதான்..." என்றாள் அமலராணி டீச்சர்.

எல்லாரையும் விலக்கிக்கொண்டு எலியேசர் இறங்கி வந்தார். முகம் கறுத்திருந்தது. முதல் ஆள் உள்ளே வந்தபோதே அவர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. முதல் பாட்டு முடியட்டும் என்று நின்றார். முடிந்திருந்தால் சொல்லியிருப்பாரா? அவருக்கே தெரியாது. இப்போது தங்கையைத் தெருவில் பார்த்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தார்.

"வா, தூக்கிட்டுப் போறேன்."

"வேண்டாம் அண்ணா. நான் உள்ள வர வரலை" என்றாள் பியூலா. "உங்களையெல்லாம் கூட்டிட்டுப் போக வந்தேன்."

நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

பியூலா அவரைத் தாண்டி எல்லாரையும் பார்த்தாள். "இன்னிக்கு முறை என்னுது. சுண்டல் ஆறிக்கிட்டிருக்கு. தயவு செஞ்சு எல்லாரும் செருப்பைப் போட்டுக்குங்க."

இவ்வளவு பேரும் இந்நேரத்துக்கு மேல் கேட்டைத் தாண்டி நடப்பதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

கூடத்து விளக்கு பொட்டென்று அணைந்தது.

"யாரது?" என்றார் எலியேசர்.

"நான்தான்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவர் மனைவி ஞானஜோதி, தோளில் பையும் கையில் பூட்டுமாக வெளியே வந்தாள். "எங்க வீட்ல இன்னிக்கு அடுப்பே பத்த வைக்கலை. வெறும் கூடத்துல உக்காந்து இருட்டுல ஜெபம் பண்றவங்க பண்ணுங்க. நான் என் நாத்தனார் வீட்டுக்குப் போறேன். ஐயர், கொஞ்சம் நகருங்க, கதவைச் சாத்தணும்."

முதலில் சிரித்தவர் ஐயர்தான். அதற்கப்புறம் செருப்புத் தேடுகிற கலவரம் ஆரம்பித்தது.

அன்றைக்குக் கிழக்குத் தாம்பரம் ஒரு வேடிக்கை பார்த்தது. முன்னால் மூன்று சக்கர வண்டி, அதற்குப் பின்னால் பாட்டுப் புத்தகமும் வேதாகமமும் கையுமாக ஒரு சபையே நடந்து போயிற்று. கேட் இப்போது மூடியிருந்தது. பியூலா வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டாவது பாட்டு எது ஐயர்?" ஐயர் எண்ணைச் சொன்னார். மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர்கள் கேட்டோரத்தில் ஒரு கூட்டம் சத்தமாகப் பாடுவதைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனார்கள். தண்டவாளத்துப் பள்ளத்தில் சக்கரம் மறுபடியும் இறங்கியது. எலியேசருடைய கை தானாக எழுந்தது. ஞானஜோதி அவர் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ கேக்கட்டும்."

பியூலா கேட்டாள், ஆனால் ஐயரை. ஐயர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தள்ளினார்.

குப்புராஜ் காம்பவுண்டில் பியூலா முதலில் உள்ளே போய், நாற்காலிக்கு மாறி, வாசலில் வந்து நின்று, ஒவ்வொருவரையும் பேர் சொல்லி வரவேற்றாள். "வாங்க ஐயர். வாங்க டீச்சர், பலகை வழுக்காது, பயப்படாம ஏறுங்க. வாங்க அண்ணி." கடைசியில் எலியேசர் வந்தார். பியூலா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் உருட்டி வழி விட்டாள். "வாங்க அண்ணா. உக்காருங்க."

அவருக்கு உட்காரத் தெரியவில்லை. அந்த வீட்டில் அவர் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. குனிந்து பார்த்திருக்கிறார், தட்டிப் பார்த்திருக்கிறார், உட்கார்ந்ததில்லை. சுவரோரம் ஒரு நாற்காலி நுனியில் ஒடுங்கினார்.

ஜெபம் நடந்தது. ஐயர் சுருக்கமாகப் பேசினார். அவருக்கும் பசி. பிறகு செல்லியம்மாள் கொதிக்கிற பாத்திரத்தை இறக்கி மேடையில் வைக்க, பியூலா மொண்டு மொண்டு ஊற்ற, தம்ளர்கள் கைமாறிக் கைமாறிக் கூடத்தைச் சுற்றி வந்தன. யாரோ ஒரு அம்மாள் எழுந்து, "நான் ஊத்தறேனே" என்றாள். பியூலா, "நீங்க சுண்டல் சாப்பிடுங்க" என்றாள். அந்த அம்மாள் உட்கார்ந்து இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். தையல்நாயகி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு தம்ளர் போயிற்று.

முடிவில் ஐயர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "வழக்கப்படி வீட்டுக்காரர் ரெண்டு வார்த்தை நன்றி சொல்லட்டும்" என்றார். பழக்க தோஷம். அவர் கண் நேரே எலியேசர் மேல் போய் நின்றது. எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போயிற்று.

எலியேசர் எழுந்தார். அவருக்கும் பழக்கம்தான். தொண்டையைக் கனைத்து, கையைக் கட்டிக்கொண்டார். பியூலாவின் கையிலிருந்த கரண்டி நின்றுபோயிற்று. இவ்வளவு தூரம் வந்து, இந்த இடத்திலா?

அவர் கூடத்தைப் பார்த்தார். தணிந்த மேடையைப் பார்த்தார். ஜமக்காளத்துக்கும் சுவருக்கும் நடுவே விட்டிருந்த வழியைப் பார்த்தார். அந்த வழியில் அவருடைய தங்கை யாருடைய தோளும் இல்லாமல் வந்து போய்க்கொண்டிருந்ததை இந்த ஒரு மணி நேரமாக அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"மன்னிக்கணும் ஐயர்" என்றார். "இந்த வீட்டுக்கு வீட்டுக்காரர் நான் இல்லை. என் தங்கச்சி."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இந்தத் தடவை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஞானஜோதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீயின் ஆவி கண்ணில் பட்டுவிட்டதாம்.

பியூலா நன்றி சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே நினைவில்லை. பெரிய சந்தோஷம், அதுதான் தெரிந்தது. அவ்வளவு பெரியதாக அவளுக்கு இதற்கு முன் வந்ததில்லை.

ஜனங்கள் கலைய ஆரம்பித்தார்கள். அசரியா ஐயர் பலகை தாண்டி இறங்கும்போது அதன் ஓரத்தில் தெரிந்த மஞ்சளையும் குங்குமத்தையும் பார்த்தார், தையல்நாயகியைப் பார்த்தார், கும்பிட்டுவிட்டுப் போனார்.

எல்லாரும் போன பிறகும் சபையாரில் ஒரு ஆள் போகவில்லை. பீர்க்கன்கரணையிலிருந்து வரும் தனசிங். ரயில்வேயில் வேலை. அதிகம் பேசாதவர். எலியேசர்தான் அவரைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்து வந்தார்.

"பியூலா, இவர் உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம். என்னைக் கேட்டார். எனக்குப் பதில் தெரியலை."

தனசிங் கேட்கவில்லை, கத்தினார். "நீ பாட்டுக்கு ஒரு வீடு பிடிச்சு உக்காந்துட்டே! என் தம்பி ஜெபசீலன், லாரி அடிச்சதுலேருந்து படுக்கையில கிடக்கறவன், உன் கதையை யாரோ சொல்லக் கேட்டுட்டு நேத்துலேருந்து சோறு தொடமாட்டேங்கறான். எனக்கும் வீடு பாருங்கறான். இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லாதவன்! எங்க அம்மா அழுதுக்கிட்டு கிடக்கறாங்க. உன்னால வந்த வினை. இதுக்கு நீ ஒரு வழி சொல்லு."

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அந்தக் கத்தலுக்குள் இருந்த பயம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த பயம். அதே பயம்தான் காலையில் சைக்கிளில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றது.

"அவருக்கு இப்ப சோறு போடுங்க. நாளைக்கு நான் வந்து பேசறேன்னு சொல்லுங்க" என்றாள்.

"நீயா? வீட்டுக்கா?"

"ஏன், வீட்டுக்குள்ள படி இருக்கா?"

"இல்லை" என்றார் தனசிங், சற்று அடங்கி. "ஆனா ஏரிக்கரை ரோடு. ஒரே மேடு."

பியூலா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். கேட் தாண்டிப் போய் வந்ததற்கே கொப்புளம் கட்டியிருந்தது. பக்கத்தில் எலியேசர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"நாளைக்கு எனக்கு ஸ்கூல் கிடையாது" என்றார் மெதுவாக. "நீ சொன்னா, நான் வந்து தள்ளறேன்."

நீ சொன்னா என்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து பியூலா கேட்டது இதுதான் முதல் தடவை.

"மேட்டுல மட்டும் தள்ளுங்கண்ணா" என்றாள் பியூலா. "இறக்கத்துல நானே பாத்துக்கறேன்."